அம்மாவின் ரத்தம் பொருந்தாது

விமானம் விழுந்த மறுநாள் காலையில் போன் வந்தது. தம்பியின் உடலை அடையாளம் காண அம்மாவின் ரத்தம் வேண்டும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தால் போதும் என்றார்கள். வளைகுடாவில் வேலை பார்த்தவன், லீவில் வந்துகொண்டிருந்தான். கல்யாணம் ஆகவில்லை. அவன் போய்விட்டான் என்று அழக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் ரத்தம் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும்.

அவன் அம்மா பெற்ற பிள்ளை இல்லை. எனக்குப் பின் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தங்கவில்லை. அப்போது அப்பா சீர்காழிப் பக்கம் ஒரு அரவை மில்லில் வேலை பார்த்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கேதான் இருந்தாள். அவளுக்கு மூன்றாவதும் பையனாகப் பிறந்தது. மூன்று மாதத்தில் அவனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளை தங்காத வீட்டு வழக்கப்படி தவிடு கொடுத்து வாங்கினார்கள். பிள்ளையார் கோயிலுக்குத் தவிட்டு முறத்தைத் தூக்கிப் போனது ஒன்பது வயதில் நான்தான். பிறகு ஊர் திரும்பினோம். கைப்பிள்ளையோடு வந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் இப்போது இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் அம்மா, சித்தி, நான் என்று மூன்று பொம்பளைகள். தம்பிக்கே தெரியாது. சண்டையில் நான், "உன்னத் தவிட்டுக்கு வாங்குனோம்டா" என்பேன். எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதானே. "உன்ன உமிக்கு வாங்குனாங்க, போக்கா" என்பான்.

மூன்றாம் நாளே இரண்டு பேர் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். துக்க வீட்டில் விசிட்டிங் கார்டை நீட்டினார்கள். நஷ்டஈடு வாங்கித் தருகிறோம், வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து போதும் என்றார்கள். நான் செருப்பைக் கழற்றினேன். போய்விட்டார்கள். பிறகு தம்பியோடு படித்தவன் தஞ்சாவூரிலிருந்து ஒரு வக்கீலம்மாவைக் கூட்டிவந்தான். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதனால் நம்பினேன். மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா ரத்தம் கொடுத்தா என்னங்க ஆவும்?"

"சொந்தம்னு காட்டும். தாய்னு காட்டாது. பெத்தவங்க கொடுத்தாத்தான் உடலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்."

"சித்தி கொடுத்தா?"

"அந்த ரிப்போர்ட் விமானக் கம்பெனி வக்கீல் கைக்கும் போகும். அப்ப உங்கம்மா யாரு, அவங்களுக்கு எதுக்கு நஷ்டஈடு கொடுக்கணும்னு கேப்பான். உடலையே யார்கிட்ட ஒப்படைக்கிறதுன்னும் கேள்வி வரும்."

முப்பது வருஷம் வளர்த்தவள் ஒரு தாளில் யாரோ ஆகிவிடுவாள்.

"தத்துப் பத்திரம் இருக்கா?"

"பத்திரமா? தவிடுதான் கொடுத்தாங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "யார் கொடுத்தா, யார் வாங்குனா, யார் பாத்தா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கையால் கொடுத்துக் கையால் வாங்கியதைத்தான் சட்டமும் கேட்கிறது, கொடுத்தவள் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பார்த்த சாட்சி நான் என்றார். "ரத்தம் கொடுக்கிற அன்னைக்கே அதையும் வாங்கிடணும். உங்க சித்தி மாட்டேன்னு சொன்னா கஷ்டம்."

சித்தி மாட்டாள் என்றுதான் நானும் பயந்தேன். அம்மா அவளை அவன் பக்கத்தில் அண்டவிட்டதே இல்லை. அவன் காதுகுத்துக்குக்கூட அவளுக்குச் சொல்லவில்லை.

சீர்காழிக்கு பஸ் பிடித்துப் போனேன். சித்தி வாசலிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா? டிவி பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்டி, நான் பெத்தவன் செத்ததை."

"ரத்தம் வேணும் சித்தி."

"ஏன், உங்கம்மா ஒடம்புல ஓடலயா?"

நான் கோபக்காரி. வேறு நாளாக இருந்தால் பதிலுக்குக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அவள் காலைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தஞ்சாவூர்வரை எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தாள். பிறகு வக்கீல் ஆபீஸ். அம்மா அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா தாளைப் படித்துக்காட்டினார். என் வயிற்றில் பிறந்த பிள்ளையை என் அக்காவுக்கு மனசார தத்துக் கொடுத்தேன், இனி அவன் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை, உடலை என் அக்காவிடமே ஒப்படைக்க வேண்டும்.

சித்தி பேனாவைக் கீழே வைத்தாள்.

"எந்த உரிமையும்னா? பொட்டி வர்ற அன்னைக்கு நான் தெருவுல நின்னு வேடிக்க பாக்கணுமா?"

வக்கீலம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் பேசினாள்.

"எனக்குப் பக்கத்துல ஒக்காரு."

"ஊரு கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன். போடு."

சித்தி கையெழுத்துப் போட்டாள். சாட்சி இடத்தில் நானும் போட்டேன். என் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்தி பெட்டியின் மேல் விழுந்து புரண்டாள். சித்திக்காரிக்கு இவ்வளவா என்று பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே சொன்னாள். அம்மா தலையைத் தூக்கினாள்.

"பெத்தவ அழுவுறாடி. நான் வளத்தவ. போதுமா?"

கூட்டத்தின் ஓரத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவன் நிற்பதை நான் பார்த்திருந்தேன். விமானக் கம்பெனிக்குச் சொல்லிவிடுவான் என்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "அவன் யார்கிட்ட சொன்னா என்ன? நாமளே தாளில சொல்லியாச்சே" என்றார்.

நஷ்டஈடு வழக்கு நடக்கிறது. நான் பயந்த கேள்வியையே எதிர்த்தரப்பு எழுதிக் கேட்டிருக்கிறது. ரிப்போர்ட்டின்படி இவர் தாய் அல்ல, தத்து நடந்ததற்கு என்ன ஆதாரம், அன்று ஒன்பது வயதான சாட்சியை எப்படி நம்புவது. அடுத்த மாதம் என்னை விசாரிக்கிறார்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்க, ஜோடிக்காதீங்க என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை. நான் தடுமாறினால் அம்மா யாரோ ஆகிவிடுவாள். சித்தி சீர்காழிக்குத் திரும்பவில்லை. விசாரணை முடியட்டும் என்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.