பென்சில் தட்டிக் கற்ற இங்கிலீஷ்

இங்கிலீஷை நான் முதலில் கண்ணால் கற்றேன், பிறகு கையால் கற்றேன். வாயால் கற்பதற்குள் பட்ட பாடு சொல்லி மாளாது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எழுவாய் எது, பயனிலை எது, எந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்று கேட்டால், மீனை ஆய்ந்து வைப்பது போல் பிரித்து வைத்துவிடுவேன். ஆனால் யாராவது எதிரே வந்து நின்று "எப்படி இருக்கிறாய்?" என்று இங்கிலீஷில் கேட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்போது யுத்த காலம். மதுரையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாரம்மாவாக இருந்தேன். என் கணவர் மேலூர்க்காரர், வயலும் கிணறும் உள்ள குடும்பம். காலரா வந்த ஒரு சித்திரையில் காலையில் வயலுக்குப் போனவர் மறுநாள் இல்லை. மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன் என்பதைப் பிடித்துக்கொண்டு, என் அண்ணன் என்னை மதுரைக்குக் கூட்டிவந்து வாத்தியார் பயிற்சியில் சேர்த்துவிட்டான். பயிற்சிக்காரர்கள் தங்கும் விடுதியில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மகள் மேலூரிலேயே இருந்தாள். மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"நெரந்தர வேலன்னு ஒண்ணு கையில வரட்டும்த்தா, வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போ. நான் மறிக்க மாட்டேன். இன்னைக்கு இருந்து நாளைக்குப் போற வேலைய நம்பி எம் பேத்திய அனுப்ப மாட்டேன்."

அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் கோபம் வராது! கோபித்து என்ன செய்ய? வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், வகுப்பில் முழுக்க முழுக்க இங்கிலீஷில் பேசிப் பாடம் நடத்தத் தெரியவேண்டும். தெரிகிறது என்று தலைமையாசிரியை எழுதிக் கொடுக்கவேண்டும். இலக்கணம், உச்சரிப்பு என்றெல்லாம் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்கு அதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். என் பிள்ளை என்னிடம் வருவாளா, மாட்டாளா?

தலைமையாசிரியையை நாங்கள் துரைசாணியம்மா என்போம். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, வெயிலில் சிவந்து தோலுரிந்த மூக்கு. தமிழ் நன்றாகவே தெரியும், தோட்டக்காரரிடம் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் எங்களிடம் ஒரு சொல் தமிழ் பேசமாட்டார். நாங்கள் பேசும்போது கையில் ஒரு பென்சில் இருக்கும். தப்பு வந்தால் மேசையில் ஒரு தட்டு. என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடித்துத் திருத்தும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். சரியாகச் சொல்லிவிட்டால் தலையை ஆட்டுவார், மேலே போகலாம். அந்தத் தட்டு ஒன்று விழுந்தால் எனக்கு மிச்சமிருந்த சொற்களும் பறந்துவிடும். எழுதிப் பார்த்து, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்து எடுத்துப் போவதெல்லாம் அந்த ஒரு சத்தத்தில் போய்விடும்.

என்னோடு விடுதி அறையில் இருந்தவள் ஒரு கிறிஸ்தவப் பெண். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள், இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வேலையும் நிரந்தரமாகிவிட்டிருந்தது. சாயங்காலங்களில் வைகை மணலில் என்னை நடக்கவைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லச் சொல்வாள். வண்ணார் துறை, கழுதை, வெள்ளரிக்காய் விற்கிறவள். நான் திக்குவேன், அவள் சிரிப்பாள். ஒருநாள் தாங்கமுடியாமல் இங்கிலீஷிலேயே அவளைத் திட்டிவிட்டேன்.

"அடியாத்தி! சண்டைன்னா மட்டும் ஒனக்கு எப்படிடி இம்புட்டு இங்கிலீஷ் வருது?" என்றாள்.

அந்த வருஷம் பரீட்சைகள் நெருங்கும் சமயத்தில் துரைசாணியம்மாவுக்குத் தந்தி வந்தது. சீமையில் அவருடைய தாயார் இறந்துபோனார். இறந்து பல நாள் கழித்துத்தான் சேதியே வந்தது. யுத்தத்தினால் கப்பலேறிப் போகவும் வழியில்லை. அன்றைக்கும் அவர் வழக்கம்போலப் பள்ளிக்கு வந்து, மணியடிக்கும் வரை இருந்துவிட்டுத்தான் பங்களாவுக்குப் போனார். சாயங்காலம் வாத்தியாரம்மாக்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று.

என்ன சொல்லவேண்டும் என்று என் அறைத்தோழி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளே போனதும் ஒரு வாக்கியம், எழுந்திருக்கும்போது ஒரு வாக்கியம், வாசலில் "குட் ஈவினிங், மேடம்." போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தால், அந்த அம்மாள் பிரம்பு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கட்டிக்கொண்டு அழ ஒரு ஆள் இல்லை. ஒரு ஒப்பாரி இல்லை, ஒரு சொந்தம் இல்லை. வரிசையாக நாற்காலி போட்டு, கோப்பையில் தேநீர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் வாக்கியத்தைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. நேரே போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் அப்படித்தான், துக்க வீட்டில் யாரும் வாயால் ஆறுதல் சொல்லமாட்டோம், பக்கத்தில் உட்காருவோம். தேநீரைத் தொடவில்லை. மற்றவர்கள் விடைபெற்றுப் போன பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். துக்க வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. நான் சொல்லவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. விடுதிக் கிணற்றடிக்குப் போய் வாளியால் தண்ணீர் இறைத்து, கட்டிய சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. கைகால் பழகியதை அவையே செய்துகொண்டன.

பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தால் கிணற்றடி தெரியும் என்பது எனக்கு அப்போது நினைவில்லை. மறுநாள் தோழி முகம் வெளுத்துப்போய் வந்தாள்.

"என்ன காரியம்டி செஞ்சு வச்சிருக்க? தொரசாணியம்மா வராந்தாவுல நின்னு பாத்துட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிச்சுப் போன, சரி. டீயத் தொடல, அதுவும் சரி. வெளிய வந்த ஒடனே தலையில தண்ணி ஊத்திக்கிட்டியாமே! அவங்க வீட்டுக்குள்ள போனதுக்குத் தீட்டுக் கழிக்கிறியான்னு கேக்குறாங்க."

தீட்டா? ஐயோ, இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறதா இதற்கு! அந்த அம்மாள் வந்த காலத்திலிருந்து இந்த ஊரில் எத்தனையோ பேர், அவர் வாசல் மிதித்து வந்த பிறகு குளித்துவிட்டு வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியும். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டார். அதற்கு மறுவாரம் வேலை நிரந்தரத்துக்கு அவரிடமே என் நேர்காணல். அவர் எழுதுகிற குறிப்பில்தான் என் வேலையும், என் மகளும்.

தோழியே ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள். அழகான இங்கிலீஷ். "அறியாமையால் செய்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும்" என்கிற மாதிரி. நான் மனப்பாடம் செய்தேன். ஆனால் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. எதை அறியாமல் செய்தேன்? எதற்கு மன்னிப்பு?

நேர்காணலன்று அறையில் அவரும் நானும் மட்டும். கறுப்புச் சட்டை போட்டிருந்தார். முதலில் பாடம் பற்றிக் கேட்டார், திக்கித் திக்கிச் சொன்னேன். தட்டு, தட்டு, தட்டு. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, அன்றைக்கு ஏன் அப்படிப் போனாய், ஏன் குளித்தாய் என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் மன்னிப்பைத் தொடங்கினேன். முதல் வரியிலேயே ஒரு சொல் பிசகியது. பென்சில் தட்டியது.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"டோன்ட் நாக், மேடம்!" என்றேன். "ஹியர் பர்ஸ்ட்!"

ஒழிந்தது வேலை என்று நினைத்தேன். ஆனால் ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தி என்ன? கொட்டித் தீர்த்துவிட்டேன். எங்கள் ஊரில் துக்க வீட்டில் யாரும் விடைபெறமாட்டார்கள், மறுபடி இதே மாதிரி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும் என்றேன். எங்கோ தூரத்தில் ஒரு சாவு விழுந்து சேதி மட்டும் வந்தால், அந்நியர்கள் "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது சொந்தக்காரர்கள் மட்டும்தான் என்றேன். "உங்கள் அம்மாவுக்காக இந்த ஊரில் ஊற்றிக்கொள்ள யாரும் இல்லை. அதனால் நான் ஊற்றிக்கொண்டேன்" என்றேன். "இதற்கு முன்னால் என் கணவருக்கு ஊற்றிக்கொண்டேன். தீட்டுக் கழிக்கவில்லை, மேடம்."

அதில் எத்தனை தப்பு இருந்ததோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். காலம் மாறியிருக்கும், ஒருமை பன்மையாகியிருக்கும், பாதிச் சொற்கள் தமிழாகவே வந்திருக்கும். ஆனால் நான் நிற்கவில்லை, திக்கவில்லை.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் சொன்னார், "மறுபடி சொல். முதலிலிருந்து. மெதுவாக."

தண்டனையோ என்று நினைத்தேன். அவர் ஒரு காகிதத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "ஊரில் என் தங்கை அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். நான் இல்லை. இதை அவளுக்கு எழுதவேண்டும். அவளுக்குப் புரியும்படி சொல்."

ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். தப்பு வந்த இடத்தில் அன்றைக்கு அவர் காத்திருக்கவில்லை, தானே சரியாகச் சொல்லிக் காட்டினார், நான் திருப்பிச் சொன்னேன், அவர் எழுதினார். அவருக்குப் புரியாத இடத்தில் அவர் கேட்டார், நான் வேறு விதமாகச் சொன்னேன். சோற்று மணி அடித்தும் முடியவில்லை. கடைசியில் பேனாவை மூடிவைத்துவிட்டு, என் பேச்சில் இன்னும் பிழைகள் நிறைய இருக்கின்றன என்றும், ஜூன் மாதத்திலிருந்து வேலை நிரந்தரம் என்றும், இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்று வருஷ அழுகை அது.

பள்ளி மூடியதும் மேலூருக்குப் போனேன். மாமனார் சொன்ன சொல் மாறவில்லை. "கூட்டிட்டுப் போத்தா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மகளை வளர்த்தது என் கணவரின் அண்ணன் மனைவி. அவளுக்குப் பிள்ளை இல்லை. குழந்தைக்குத் தலைவாரி, மை வைத்து, முறுக்குக் கட்டிக் கொடுத்து, பஸ் வரைக்கும் இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தாள். ஒரு குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் அது கரியில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் முக்கும், முனகும், நின்று புகை விடும். மகள் ஜன்னலோரமாக உட்கார்ந்து பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் மறைந்ததும் என்னிடம் திரும்பி மரியாதையாகக் கேட்டாள்.

"அம்மா எப்ப வருவாக?"

"நாந்தாண்டி ஒன் அம்மா" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடிக்கு வா என்று கை நீட்டினேன், வரவில்லை. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டே தூங்கிப்போனாள். தூங்கிய பிறகுதான் அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.