மகளின் போனிலும் திறக்க வேண்டும்

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஓர் ஆப் செய்ய வேண்டும் என்று நான் கிளம்பியபோது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆண்ட்ராய்டு மட்டும் போதாதா? வீரபாண்டியில் எங்கள் யூனிட்டில் மேனேஜர் முதல் செக்கிங் பெண்கள் வரை யார் கையிலும் ஐபோன் கிடையாது. எனக்கும் இல்லை. ஆனாலும் இரண்டிலும் ஓடியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஐபோன் வைத்திருப்பவள் என் மகள். கல்யாணமாகி ஜெர்மனியில் இருக்கிறாள்.

இங்கே இருந்தவரை சாம்பிள் மேசை அவளுடையது. கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்னங்கப்பா, இப்படியா தைப்பாங்க?" என்பாள். பிரித்துத் தைக்காமல் எந்தச் சட்டையும் அவளைத் தாண்டிப் போனதில்லை. இப்போது போன் செய்தால் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த அதட்டலுக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன். சாம்பிள் படங்களை ஆப்பில் அனுப்பினால் பழையபடி குறை சொல்வாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

இந்த ஊரில் ஒரு வேலையை முழுதாக ஒருவரிடம் கொடுத்துப் பழக்கமில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் இன்னோரிடம், தையல் வேறிடம். ஆப்பையும் அப்படியே பிரித்துவிட்டேன். ஆண்ட்ராய்டு ஒரு டீமுக்கு, ஐபோன் வேறொரு டீமுக்கு, கலரும் படமும் மூன்றாவது ஆளுக்கு. வந்து சேர்ந்தபோது ஒன்றில் அனுப்பிய படம் மற்றதில் தெரியவே இல்லை. எல்லோரையும் வரவழைத்து ஒன்றாக உட்காரவைத்துத் திட்டினேன். பாவம், அவர்களுக்கு அன்றுதான் ஒருவரையொருவர் தெரியும்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரே டீமாகப் பிடித்தேன். "ஒரு தடவ எழுதுனா ரெண்டு போன்லயும் ஓடுமுங்க" என்றாள் அதன் தலைவி. எங்கள் வழக்கம் விடுமா? முதலில் சாம்பிள் கேட்டேன். ஒரே ஒரு திரை செய்துகொண்டுவந்து, என் போனில் அனுப்பிய படத்தைத் தன் ஐபோனில் காட்டினாள். வேலையை அவர்களுக்கே கொடுத்தேன்.

"ஐபோன்ல எத்தன பேருங்க பாப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்திதானுங்க. என்ற பொண்ணு."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆப் நன்றாகவே வந்தது. முதல் சாம்பிளாக ஒரு குழந்தைச் சட்டையை அனுப்பினேன். உடனே சரி என்று பச்சை டிக் விழுந்தது. கூடவே, "சூப்பருங்கப்பா." அடுத்ததற்கும் அதே டிக், அதே சூப்பர். எனக்குப் பொறுக்கவில்லை. டெய்லரைக் கூப்பிட்டு, கழுத்தை வேண்டுமென்றே கோணலாகத் தைக்கச் சொன்னேன். எனக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தார், ஆனாலும் தைத்துக் கொடுத்தார். குருடன்கூடத் தடவிக் கண்டுபிடிக்கும் கோணல். படமெடுத்து அனுப்பிவிட்டு, போன் மணி அடிக்கும் என்று கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பச்சை டிக் விழுந்தது. "சூப்பருங்கப்பா."

வேலை நெருக்கடியில் இருந்திருப்பாள். அது எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் சட்டையைக் கையில் எடுத்து, டெய்லரைப் பார்த்து, "இதென்னங்க, இப்படியா தைப்பாங்க?" என்றேன்.

அவர் அதை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தார்.