சிவப்பு ஒயர் தீர்ந்த நாள்

சுத்தியல் இன்னொரு முறை விழுந்ததும் கான்கிரீட் உருளை இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த கம்பி புதுக் கரண்டி போலப் பளபளத்தது.

"அண்ணே," என்றாள் பூச்சுக்காரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

சோதனைக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர், எதிரே சுத்தியலோடு நின்ற துருக்காரர்தான். அவருக்கு அந்தப் பெயரை மற்றவர்கள் வைத்தார்கள். கம்பி புதைத்த உருளைகளை உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் நிறுத்தி, கம்பிக்கு பிளஸ், பக்கத்துத் தகட்டுக்கு மைனஸ் கொடுத்து மின்சாரம் பாய்ச்சுவார். கடல்காற்று ஓர் ஆயுள் முழுக்கச் செய்கிற நாசத்தைச் சில வாரங்களில் முடித்துவிடுவார். துரு வீங்கி, கான்கிரீட் விரிசல் விட்டால் அன்றைக்கு நல்ல வேலை நடந்தது என்று அர்த்தம்.

வீட்டில் நேர்மாறு. கழுவிய கத்தியை யாராவது ஈரத்தோடு வைத்தால் முகம் சுருங்கிவிடும். கதவுக் கீலுக்கு அவர் விடுகிற எண்ணெயில் வாசல் தரை வழுக்கும். "அங்க சம்பளம் வாங்கிட்டுக் கெடுக்கிறாரு, இங்க சும்மாவே காப்பாத்துறாரு," என்பாள் அவர் மனைவி.

கம்பிக்கு மேல் பூச, துருப்பிடிக்க விடாத பூச்சு ஒன்றைக் கண்டுபிடிப்பது பூச்சுக்காரியின் வேலை. முதல் இரண்டும் அவருடைய தொட்டியில் தோற்றன.

"என் மேல என்ன கோபம்ணே உங்களுக்கு?"

"தண்ணிக்குத்தாம்மா உன் மேல கோபம். நான் வெறும் ஒயர் மாட்டுறவன்."

இது மூன்றாவது. இதுவும் தோற்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு அவளை வேறு பிரிவுக்கு மாற்றுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அவரிடம் முடிவைச் சொல்ல வேண்டும்.

அவள் வராந்தாவில் அம்மாவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "துளிகூடத் துரு இல்லம்மா. துருக்காரரே தோத்துட்டாரு."

அவர் சிரித்துக்கொண்டே தொட்டியைக் கழுவக் குனிந்தார். தகட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மற்றத் தொட்டிகளில் தகடுகள் சுத்தமாக இருந்தன. இதன் ஓரம் புழு தின்ற இலை மாதிரி இருந்தது. அடியில் பழுப்புச் சேறு.

தகடு அரிபடக் கூடாது; பிளஸில் இருப்பதுதான் அரிபடும். ஒயரை விரலால் தடவிக்கொண்டே மின்பெட்டி வரை போனார். இரண்டும் கறுப்பு ஒயர். இந்தத் தொட்டிக்கு வரும்போது, பிளஸுக்கு மாட்டுகிற சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து, குழாய்ப்பிடி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டதென்று மனைவி போன் செய்தாள். சிரித்துப் பேசிக்கொண்டே திருகுகளை முடுக்கியிருந்தார். கம்பி மைனஸில் இருந்தது. மைனஸில் இருந்தால் பூச்சே இல்லாத கம்பியும் பளபளக்கும்.

பழைய இரும்பு போடும் கூடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தகடு அதில் விழுந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அவள் பேசி முடிக்கும்வரை தகட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இதைப் பாரும்மா."

அவள் பார்த்தாள். மின்பெட்டியைப் பார்த்தாள். "மாத்தி மாட்டிட்டீங்களா?"

"ஆமா. போன்ல பேசிக்கிட்டே மாட்டிட்டேன்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அம்மா இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாங்க."

"நான் வேணா பேசவா?"

"என்னன்னு? மைனஸைப் பத்தியா?" சிரிப்பு பாதியில் நின்றது. "இப்ப என்னண்ணே பண்றது? இது நல்ல பூச்சான்னு எனக்கே தெரியாது இப்போ."

"தப்பு என்னோடது. இயக்குநர்கிட்ட நான் சொல்றேன்."

"நானும் வர்றேன். இதே பூச்சுல இன்னொரு உருளை அலமாரில இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "அது தோத்தா தோக்கட்டும். நேரா மாட்டித் தோக்கட்டும்."

மறுநாள் காலை இருவரும் இயக்குநர் அறைக்குப் போனார்கள். துருக்காரர் தகட்டை மேசையில் வைத்தார். கறை பிடிக்கும், தாளில் சுற்று என்றார் இயக்குநர். துருக்காரரைக் கொஞ்ச நேரம் திட்டினார். அடுத்த சோதனை முடியும்வரை பூச்சுக்காரி அங்கேயே இருக்கலாம் என்றார். துருக்காரர் கடைக்குப் போய்ச் சிவப்பு ஒயர் ஒரு சுருள் வாங்கி வந்தார். பூச்சுக்காரி அவருடைய போனை வாங்கித் தன் இழுப்பறையில் போட்டாள். கம்பிக்குச் சிவப்பு, தகட்டுக்குக் கறுப்பு. இரண்டு பேரும் பார்த்த பிறகு சுவிட்சைப் போட்டார்கள். மாலை வரை தண்ணீர் தெளிவாக இருந்தது. முதல் நாள் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.