கமேலியாவுக்கு ஓங்கிய கத்தி

இராமலிங்கத்தின் கை பட்டால் ஊன்றிய விறகும் துளிர்க்கும் என்று பங்களாக் குசினிக்காரர் ஜெயராஜ் சொல்வார். அது முகஸ்துதி அல்ல. கோலாலம்பூரில் துரைமார் குடியிருந்த அந்த மேட்டில், அவர் வளர்த்த மல்லிகைக்குப் பதியன் கேட்டு மற்ற பங்களாக்களிலிருந்தும் ஆள் வரும். அந்தக் கைக்குப் பணியாத செடி ஒன்றே ஒன்றுதான். விதி அவருடைய பிழைப்பை அதன் கிளையிலேயே முடிந்து வைத்தது.

அது கமேலியா. துரைசானியம்மா கப்பலில் தொட்டியோடு கொண்டுவந்தது. சீமையில் அவளுடைய தாய்வீட்டு வாசலில், மற்றச் செடிகளெல்லாம் மொட்டையாக நிற்கும் பனிக்காலத்தில், அது மட்டும் சிவக்கச் சிவக்கப் பூக்குமாம். தாய் இறந்த செய்தி வந்த பிறகு அவள் தினமும் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். மூன்று வருஷமாக இலை பளபளத்தது, மொட்டும் கட்டியது. ஆனால் எந்த மொட்டும் விரியவில்லை. புழுங்கிப் பழுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

1931-ஆம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டந்தோட்டமாக ஆட்களை நிறுத்தி இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். துரை வீட்டிலும் ஓர் ஆளைக் குறைக்க வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸுக்குள் கமேலியா பூத்தால் தோட்டக்காரன் இருக்கலாம், இல்லாவிட்டால் அவனும் ஊருக்குப் போகட்டும் என்று துரைசானியம்மா ஜெயராஜ் மூலம் சொல்லியனுப்பினாள்.

தன் ஒருவன் வயிறு என்றால் இராமலிங்கம் கலங்கியிருக்க மாட்டார். மேருத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் புஷ்பவல்லி, கை நிறைய வளையலோடு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெற்றவள் வீரம்மா காய்ச்சலில் கண்ணை மூடியபோது அவளுக்கு ஆறு வயது. முதல் பிள்ளையைப் பிறந்த வீட்டில் பெற்றெடுப்பதுதானே முறை? பங்களாவின் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அந்தத் தாயில்லாப் பெண்ணுக்குத் தாய்வீடு. தையில் பிள்ளை பிறக்கும். வேலை போனால் அந்த அறையும் போய்விடும்.

குளிர் இல்லாமல்தான் பூக்கவில்லை என்றால் குளிரைக் கொண்டுவருவோம் என்று முடிவு செய்தார். சாக்கில் சுற்றி வந்த ஐஸ் கட்டியில் பாதியை உடைத்துக் கொடுத்தார் ஜெயராஜ். "துரையோட விஸ்கிக்கு வச்சத எடுத்துத் தரேண்ணே. செடிக்குச் சளி பிடிச்சா என்னக் கேக்காதீங்க லா."

விடியும்தோறும் வேரைச் சுற்றி ஐஸ் பரப்பினார். வெயில் ஏறுமுன் அது தண்ணீராய் ஓடியது. முப்பது மொட்டு பத்தாகி, பத்து மூன்றாகி, மார்கழி பிறந்தபோது ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் நுனியில் மட்டும் ஊசிமுனை அளவு சிவப்பு.

கடைசியில் அவருக்கு ஊர்வழக்கம் நினைவு வந்தது. காய்க்காத மரத்தை மிரட்டுவார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒருவர் கத்தியை ஓங்க வேண்டும், இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். மூன்று தரம் அப்படிச் செய்தால் மரம் பயந்து பலன் தரும் என்பது நம்பிக்கை. கெஞ்சுவதற்குத் தானே வருவதாகப் புஷ்பவல்லி சொன்னாள். வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்டால் மரம் தட்டாதாம்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. இராமலிங்கம் பாராங் கத்தியை ஓங்கினார்.

"பூக்காத செடி எனக்கு எதுக்கு? இன்னிக்கு வெட்டி அடுப்புல வைக்கிறேன்."

"வேணாம்பா, விட்டுருங்க. பூத்துரும், நான் பொறுப்பு."

இரண்டு தரம் நடிப்பாகத்தான் நடந்தது. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. மூன்றாம் தரம் அவள் குரல் உடைந்தது. கனத்த வயிற்றோடு மண்ணில் மண்டியிட்டுச் செடியைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கள வெளிய அனுப்பிராத தாயே. எனக்குப் போக்கிடம் இல்ல."

அவள் யாரிடம் கெஞ்சுகிறாள் என்று தகப்பனுக்கே புரியவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. அந்தக் கோலத்தைத்தான் துரைசானியம்மா மாடியிலிருந்து பார்த்தாள்.

இரவு உடையோடு ஓடிவந்து செடிக்கு முன்னால் நின்றாள். அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்த ஜெயராஜ், இது வெட்டுவதற்கல்ல, எங்கள் ஜனங்கள் மரத்துக்குக் காட்டும் பொய்ப் பயம் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினார். அவள் முழுதும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். பொய் என்றால் இந்தப் பெண் ஏன் இப்படி அழுகிறாள்?

ஜெயராஜ் புஷ்பவல்லியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அழுகையை எந்தப் பாஷையில் பெயர்த்துச் சொல்வார்?

புஷ்பவல்லி எழுந்தபோது அவள் மடியிலிருந்து கடைசி மொட்டு விழுந்தது. கட்டிக்கொண்ட கையே ஒடித்திருந்தது. துரைசானியம்மா அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டு விசும்பினாள். அழுதுகொண்டேதான் மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னாள். அவள்மேல் கோபப்படக்கூட இராமலிங்கத்தால் முடியவில்லை.

துரை அவருக்குக் கப்பல் சீட்டு எழுதிக் கொடுத்தார். பத்தே நாளில் பயணம். பிரிக்பீல்ட்ஸ் ரயிலடி வரைக்கும் ஜெயராஜ் மூட்டையைச் சுமந்து வந்து வழியனுப்பினார். ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் மேருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

பேரப்பிள்ளையும் கையுமாகத் திரும்ப வேண்டிய மருமகள் வயிற்றோடு வந்து நிற்பதைச் சம்பந்தியம்மாள் பார்த்தாள். இராமலிங்கம் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அறை போய்விட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று ரயிலில் வந்த நேரமெல்லாம் யோசித்து வைத்திருந்தார். அவர் தொடங்குமுன் புஷ்பவல்லியே நடந்ததைச் சொன்னாள்.

"உள்ள வா," என்றாள் மாமியார் அவளிடம். பிறகு அவரைப் பார்த்து, "நீங்க பிள்ளை முகத்தப் பாத்துட்டுத்தான் போகணும் சம்பந்தி. தை முடியட்டும்," என்றாள்.

"கப்பல் இருபத்தெட்டாந் தேதிம்மா."

புஷ்பவல்லி தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை அசைந்தது.