மூச்சைப் பார்க்கிறது யாரு?

உட்காருங்கள் என்று சொல்வதற்குள் தெசாங்கா கேட்டுவிடுவாள்: "ஆளு தூங்கிட்டா, அவன் மூச்சைப் பார்க்கிறது யாரு?" செர்பியாவின் சுபோதிசா நகரத்தில் மயக்க ஊசி போட்டுப் பல் பிடுங்குகிற நான்கு இடங்களிலும் இந்தக் கேள்வி கேட்டாகிவிட்டது. வரவேற்பு மேசைப் பெண் மிரண்டுபோய், "டாக்டர்கிட்டயே பேசிக்கோங்க மேடம்" என்பாள். "பேசத்தானே வந்திருக்கேன். மொதல்ல உனக்குத் தெரியுமான்னு பார்க்கிறேன்" என்பாள் தெசாங்கா, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல்.

வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு வருடமாக ஊர் அடுக்ககங்களின் லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை. கட்டையான உருவம், கனத்த குரல், சிரித்தால் தெரு முழுக்கக் கேட்கும். எந்த மருத்துவரின் அறைக்குள் போனாலும் நேரே சுவரில் மாட்டிய சான்றிதழிடம் போவாள். பெயரைப் படிக்கமாட்டாள், எது வரைக்கும் செல்லும் என்ற தேதியைத்தான் படிப்பாள். "இது பல்லுக்குப் படிச்சது. ஆளைத் தூங்க வைக்கப் படிச்சது எங்க?" என்று திரும்பிக் கேட்பாள். அடுத்து ஆக்சிஜன் உருளை. அதைத் திறந்து காட்டச் சொல்வாள். ஓர் இடத்தில் உருளைமேல் விரலை இழுத்து, அதில் ஒட்டிய தூசியை மருத்துவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "போன வருஷம் தொட்டதா, அதுக்கு முந்தின வருஷமா?"

இத்தனை பாடும் தம்பி வுகாஷினுக்காக. நூற்று முப்பது கிலோ, லாரி ஓட்டுகிறவன், பல் மருத்துவர் நாற்காலியைக் கண்டால் மட்டும் குழந்தை. இரண்டு தடவை கழுத்தில் கட்டிய துணியோடு தெருவுக்கு ஓடிவந்திருக்கிறான். கீழ்த்தாடையில் மூன்று பற்கள் அழுகி, கன்னம் வீங்கி, ஒரு மாதமாகக் கஞ்சிதான் சாப்பாடு. "தூங்க வெச்சாத்தான் வருவேன், இல்லேன்னா சாகிற வரைக்கும் இப்படியே கெடக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். தூங்க வைப்பதில்தான் தெசாங்காவுக்குப் பயம். அடுத்த அறையில் அவன் குறட்டை விடுவதைக் கேட்டிருக்கிறாள். குறட்டை நடுவில் நிற்கும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி தொடங்கும். சில சமயம் இருபது வரை எண்ண வேண்டியிருக்கும். மூச்சு நிற்கிற வியாதி அது. சரியான ஆள் பக்கத்தில் இல்லாமல் அவனுக்கு மயக்க ஊசி போட்டால் அவன் எழுந்திருக்கமாட்டான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இதில் ரட்டோமிர் வேறு. அவள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற கும். செர்பியர்களுக்குக் கும் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல்; அவன் பல் மருத்துவனாக இருக்கும்போது வேறு வாசல் ஏறுவது அவன் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அவனுடையது புத்தம் புது மருத்துவமனை, தோல் சோபா, காப்பி இயந்திரம்.

"என்ன குமா, என்கிட்டயே சோதனையா?" என்று, கும்மின் பெண்பாலால் அவளை அழைத்துச் சிரித்தான் ரட்டோமிர்.

"லிஃப்டுல கும்மும் கெடையாது குமாவும் கெடையாது. மூச்சைப் பார்க்கிறது யாரு?"

"நான்தான். ஒரு கண்ணு பல்லுல, ஒரு கண்ணு மூச்சுல."

"கடவுள் எனக்குக் குடுத்த ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்தான் பார்க்குது. உனக்கு எப்படியோ!"

அவள் எழுந்து வந்துவிட்டாள். அந்த வருடம் அவள் குடும்பத்தின் காவல் புனிதர் நாள் விருந்துக்கு ரட்டோமிர் வரவில்லை. மேசையில் அவன் தட்டு கவிழ்த்தபடியே கிடந்தது. விருந்தாளிகள் கேட்டபோது "அவனுக்கு வேலை" என்று சொன்னாள். பாத்திரம் கழுவும்போது அழுதாள். வலித்தது, நிஜமாகவே வலித்தது. ஆனாலும் தம்பியை அங்கே கூட்டிப்போகவில்லை.

நான்காவது இடம் டாக்டர் எமேஷேயுடையது. ஒடிசலான ஹங்கேரியப் பெண், பழைய கட்டடம், காப்பியும் இல்லை ஒன்றுமில்லை. தெசாங்கா வழக்கமான கேள்வியைப் போட்டாள். "மயக்க மருந்து டாக்டர் தனியா வருவார். அவருக்கு வேற வேலையே கெடையாது, மூச்சையும் இதயத்தையும் பார்க்கிறதுதான்" என்ற எமேஷே, அதோடு விடாமல் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார். வுகாஷினின் கழுத்தை நாடாவால் அளந்தார். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கத்தில் மூச்சு எத்தனை நேரம் நிற்கிறது என்று கேட்டார். இதய மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். தெசாங்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "டேய், இவங்க என்னைவிட மோசம்டா!" என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

குறித்த நாள் காலை எட்டு மணி. முந்தின ராத்திரியிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது கட்டளை. எமேஷே கேட்டார்: "காலையில ஏதாவது சாப்பிட்டாரா?"

"ஒரு பருக்கைகூட இல்ல டாக்டர். வாசல்ல ஒரு சின்னக் கிளாஸ் ராக்கியா, அவ்வளவுதான்" என்றான் வுகாஷின்.

"யார் குடுத்தது?"

"நான்தான்" என்றாள் தெசாங்கா. அந்த வீட்டில் பரீட்சைக்குப் போனாலும் பட்டாளத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு வாய் பிளம் சாராயம் இல்லாமல் யாரும் படி இறங்கியதில்லை. அது சாப்பாட்டுக் கணக்கிலும் வராது, குடிக் கணக்கிலும் வராது. தைரியத்துக்கு.

எமேஷே கையுறையைக் கழற்றினார். "இன்னிக்கு முடியாதும்மா. சாராயமும் மயக்க மருந்தும் சேர்ந்தா இவர் மூச்சுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. வீக்கத்துக்கு மாத்திரை தரேன், அடுத்த வாரம் வாங்க."

"ஒரே ஒரு வாய்தானே டாக்டர், இந்த ஒரு தடவை மட்டும்..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். பழுதான லிஃப்டை ஓடவிடச் சொல்லி முப்பத்தோரு வருடமாக அடுக்ககத்துக்காரர்கள் அவளிடம் கெஞ்சுகிற அதே வார்த்தை, அதே இழுப்பு. காதுவரை சிவந்துபோனாள்.

தெருவில் வுகாஷின் கத்தினான்: "பார்த்தியாக்கா? தொரத்திட்டாங்க! நம்ம ரட்டோமிர்னா இந்நேரம் முடிச்சிருப்பான்."

"முடிச்சிருப்பான்டா. உன்னையும் சேர்த்து முடிச்சிருப்பான்" என்றாள் தெசாங்கா. "நடடா. நமக்கு டாக்டர் கெடைச்சாச்சு."

எட்டு நாள் கழித்து மறுபடி போனார்கள், இம்முறை வெறும் வயிற்றோடு. தம்பி தூங்கும்வரை பக்கத்தில் நிற்க எமேஷே அனுமதித்தார். ஊசி ஏறியது. வுகாஷினின் பெரிய கை மெல்லத் தளர்ந்தது. விரலில் மாட்டிய கவ்வி திரையில் எண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் மயக்க மருந்து மருத்துவர், நரைத்த மீசைக்காரர், முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எல்லாம் நல்லா இருக்கா?" என்றாள் தெசாங்கா, தன் குரலுக்குச் சற்றும் பொருந்தாத மெல்லிய குரலில்.

அவர் திரும்பவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதிலிருந்து கண்ணை எடுக்காமல், பேசாதே என்று ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

தெசாங்கா ஒரு நொடி நின்றாள். பிறகு காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே வந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.