எல் பாசோவில் ஜன்னலைத் திறந்து வைத்த ஞாயிறு

பல்லுக்கு நடுவே மணல் நறநறவென்று கடிபடுவது... எல் பாசோ என்று யார் சொன்னாலும் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

நேற்று யாரோ புழுதிப்புயல் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

1999, மார்ச் மாதம். கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து நேராக டெக்சாஸின் அந்த மேற்கு மூலையில் வந்து இறங்கியிருந்தேன். சுற்றிலும் பாலைவனம். நடுவில் ஃப்ரீவே, மால், கண்ணாடிக் கட்டடம் என்று பளபளவென்று ஒரு ஊர். என் கணவருக்கு அங்கே கான்ட்ராக்ட் வேலை, மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டித்தால் இருக்கலாம். இல்லையென்றால் கன்சல்டன்சிக்காரன் கொஞ்ச நாள் வேலை எதுவும் தராமல் பெஞ்சில் வைத்திருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பு என்பான். முடிவு மேனேஜர் லிண்டாவின் கையில்.

அந்த லிண்டாவையும் அவர் கணவரையும்தான் அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், தபால் பெட்டி பக்கத்தில் அபார்ட்மென்ட் ஆபீஸ் பெண் என்னை நிறுத்தி, உங்கள் சமையல் வாசனை கீழ் வீடு வரைக்கும் வருகிறது என்று இனிக்க இனிக்கச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நான் கூனிக் குறுகிப் போனேன். நாலு பேர் முன்னால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து, சமையல் வாசனை ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று, எங்கள் கோட் எல்லாம் கார் டிக்கியில்தான் குடியிருந்தன.

அதனால் அன்றைக்கு வாசனை இல்லாத சமையல்... கட்லெட், நூடுல்ஸ், ஃப்ரூட் சாலட். பெருங்காய டப்பாவை எடுக்கவே இல்லை. அப்படியும் அவர் ஹாலுக்கும் கிச்சனுக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தார்.

“இன்னும் வருது.”

“எங்கங்க வருது? நான் தாளிக்கவே இல்லையே.”

“நமக்குத் தெரியாது. வெளியிலிருந்து வர்றவங்களுக்குத்தான் தெரியும்.”

முதல் நாள் வைத்த பூண்டுக் குழம்பைப் பாத்திரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரிட்ஜின் அடியில் ஒளித்தேன். எல்லா ஜன்னலையும் திறந்தோம். பால்கனிக் கதவையும். டேபிள் ஃபேனை வெளியே பார்த்துத் திருப்பி, ரூம் ஸ்ப்ரே அடித்து, காற்று நன்றாக ஓடட்டும் என்று ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பிவிட்டோம்.

கடையை விட்டு வெளியே வந்தால் மேற்கே வானம் காபிக் கலரில் இருந்தது. மழை வருது என்று சந்தோஷப்பட்டவள் நான். ஊருக்குப் புதுசு, வேறென்ன தெரியும்? அந்த ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்து காருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் தூரத்தில் தெரிந்த மலை காணாமல் போனது. அப்புறம் எதிரிலிருந்த கடையும் போனது. மணல் காரின்மேல் சரசரவென்று கொட்டியது. ஷாப்பிங் கார்ட்டுகள் தானாக உருண்டு போயின. ஏதோ முள்செடி ஒன்று பந்தாகச் சுருண்டு வந்து பானெட்டில் முட்டியது. எனக்கு பயம்கூட வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வீட்டு ஜன்னல்கள் ஞாபகம் வந்தன.

வீட்டுக்குப் போனால் சோஃபா, கட்டில், டிவி எல்லாம் ஒரே நிறம். கட்லெட்டின்மேல் ரவை தூவியது மாதிரி மணல். நூடுல்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் உட்கார்ந்து அழுதேன். துடைக்கத் துணி எடுப்பதற்குள் பெல் அடித்தது.

லிண்டா அந்த மண்ணில் பிறந்தவர், புயலெல்லாம் அவருக்குச் சாதாரணம். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தவர், ஏன் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது என்று கேட்டார்.

இவர் ஃப்ரெஷ் ஏர் என்று ஆரம்பித்தார். நான் குனிந்து சோஃபாவைத் துடைக்க ஆரம்பித்தேன்.

லிண்டா ஜன்னலோரம் இருந்த ரூம் ஸ்ப்ரேயை எடுத்தார். புழுதியைத் துடைத்துத் திரும்ப வைத்தார். அவருடையது மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அவர் அம்மா மாட்டுக்குடல் சூப் வைப்பாராம். ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் வருகிறார்கள் என்றால் சின்னப் பெண்ணாக இருந்த லிண்டா எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பாராம், குளிர்காலத்தில்கூட. இதைச் சிரிக்காமல் சொல்லிவிட்டு, சாப்பிட வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். மாட்டிக்கொண்டோம் என்றுதான் இருந்தது. புகார் சொன்ன அந்த ஆபீஸ் பெண் முன்னால் பட்ட வெட்கத்தைவிட, புரிந்துகொண்டவர் முன்னால் பட்டது பெரிதாக இருந்தது.

சோறு வைத்து, கவரைப் பிரித்துப் பூண்டுக் குழம்பைச் சுட வைத்தேன். வாசனை வீடெல்லாம் நிறைந்தது. லிண்டா இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி சாப்பிட்டார். அவர் கணவர் பாத்திரத்தை வழித்தே விட்டார். நான் மட்டும் தலை நிமிரவில்லை.

கான்ட்ராக்டை நீட்டித்தார்கள். குழம்புக்காக இல்லை, வேலை பாக்கி இருந்தது.

இப்போது நாங்கள் நம் ஊர்க்காரர்கள் நிறைந்த பிளெய்ன்ஸ்பரோவில். படியேறினால் ஒரு மாடியில் சாம்பார், அடுத்த மாடியில் மீன் வறுவல். யாரும் யாருக்காகவும் எதையும் ஒளிப்பதில்லை.

மகள் பே ஏரியாவில் ஒரு அமெரிக்கப் பெண்ணோடு வீடு ஷேர் பண்ணிக்கொண்டு இருக்கிறாள். போன வாரம் ஃபோனில், பூண்டுக் குழம்பு வைத்தேன் என்றாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ரூம்மேட் ஒண்ணும் சொல்லலையாடி?”

“அபவுட் வாட், மா?”

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது... சொல்லியிருந்தால் அந்த வெட்கத்தை அவளுக்கும் கற்றுக்கொடுத்திருப்பேன்.

“ஒண்ணுமில்லடி, உப்பு சரியா இருந்துதா?” என்று கேட்டேன்.