சங்கிலிக்கு அந்தப்பக்கம் மிருஷா

டால்மேஷியக் கரையில் எங்கள் துறைமுகத்தைக் காக்கும் கோட்டையைக் கட்டிய பிரபுவின் பெயர் வாசற்கல்லில் முழ நீளத்துக்கு இருக்கிறது. அவர் ஒரு கல்லையாவது தூக்கியிருப்பாரா? ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு அதே கோட்டையில் சங்கிலி சுற்றிய ராடிச்சின் பெயர் எங்கேயும் இல்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோட்டையின் கீழ்த்தளத்து உருளையை நாலு பேர் சுற்றினால், துறைமுக வாய்க்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி நீருக்கு மேலே எழும்பும். ஒரு தோணிகூட நுழைய முடியாது. உருளையைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதும் ராடிச்தான். ஆள் சிடுமூஞ்சி. பெண்டாட்டி மிருஷா என்றால் மட்டும் உயிர். ஆனாலும் சண்டை போடாமல் இருவரும் ஒரு வேளை உப்பு மத்தி மீன் தின்றதில்லை.

அந்தக் கோடையில் வடக்குத் தீவிலிருந்த அவள் தங்கை தோப்ராவுக்குப் பேறுகாலம்.

"போகாதேடி. வடக்கே கொள்ளைநோய்னு பேச்சு அடிபடுது."

"என் தங்கச்சி தனியாக் கிடந்து அலறணுமா? நீ உன் சங்கிலியையே கட்டிக்கிட்டு அழு."

"போனா அப்படியே போ!" என்று மதில்மேல் நின்று கத்தினான். சொல்லியிருக்கக்கூடாது. அவள் திரும்பிப் பார்க்காமல் படகேறினாள்.

பத்தே நாளில் ஊர்ச்சபை உத்தரவு போட்டது. வடக்கிலிருந்து வருகிறவர்கள் எதிரேயுள்ள பாறைத்தீவில் முப்பது நாள் இருக்க வேண்டும். அதற்குள் அவர்களுக்காகச் சங்கிலியை இறக்கினால் இறக்கியவனுக்குத் தூக்கு.

உத்தரவு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு படகு வந்து சங்கிலியில் முட்டி நின்றது. அதில் மிருஷா, பக்கத்தில் கைக்குழந்தையோடு தோப்ரா.

"ஏய்யா, பொண்ணு பொறந்திருக்கா! கொக்கியைக் கழட்டு!" என்றாள் மிருஷா.

ராடிச்சின் கை கொக்கிமேல்தான் இருந்தது. பின்னால் காவல்தலைவர், மேலே மதில் முழுக்க ஊர்ச்சனம்.

"முப்பது நாள்டி... பாறைத்தீவுல..." என்றான், கொக்கியைக் கழற்றாமலே.

அவள் அவனையே பார்த்தாள். "அப்படியே போன்னியே, உன் வாய் முகூர்த்தம் பலிச்சிடுச்சு. சரி, அழுது வைக்காதே. தினம் காலையில என் சிவப்புச் சால்வையைப் பாறைமேல விரிக்கிறேன். அது கிடந்தா நான் நல்லா இருக்கேன்."

பாறைத்தீவுக்குக் குரல் எட்டாது. ரொட்டி கொண்டுபோகும் படகுகூடக் கரையோரக் கல்லில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடும். ராடிச் தினமும் மதிலேறினான். சால்வை கிடந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். பக்கத்தில் ஓர் உருவம் நின்றது, பதிலுக்குக் கை ஆடவில்லை.

"திமிரைப் பாரு!" என்று திட்டிக்கொண்டே இறங்குவான்.

பத்தாம் நாள் அங்கிருந்தும் ஒரு கை ஆடியது. "கோபம் போயிடுச்சுடா!" என்று உருளைக்காரர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டான் அந்தச் சிடுமூஞ்சி. அதன்பிறகு தினமும் அந்தக் கை ஆடியது. முப்பதாம் நாள் கேட்க வேண்டிய மன்னிப்பை மாவு பிசையும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பதாம் நாள் சங்கிலியை இறக்கிவிட்டுப் படித்துறைக்கு ஓடினான். படகில் தோப்ரா இருந்தாள், கையில் குழந்தை, மடியில் சிவப்புச் சால்வை.

"உங்கக்கா எங்க?"

"ஒன்பதாம் நாளே போயிட்டா, அத்தான்."

"பொய்! காலையிலகூடச் சால்வை கிடந்துச்சே!"

"நான்தான் விரிச்சேன். 'சால்வையைக் காணோம்னா அந்தப் பைத்தியக்கார மனுஷன் கொக்கியைக் கழட்டிட்டு ஓடிவரும். தூக்குல போட்டுடுவாங்கடி. முப்பது நாளும் விரி'ன்னு சத்தியம் வாங்கிட்டா."

ராடிச் படித்துறைக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். "கை ஆட்டினது?"

"அதுவும் நான்தான். நீங்க ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறதைப் பார்க்க மனசு கேக்கலை, அத்தான்."

"அவ ஒருநாளாவது ஆட்டணும்னு..."

தோப்ரா குழந்தையையே பார்த்தாள். "'ஊருக்குள்ள போனதும் முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்'னு சிரிச்சுக்கிட்டே இருந்தா."

"சங்கிலியை ஏத்துங்கடா!" என்று காவல்தலைவர் கத்தினார். ராடிச் எழுந்து போய்க் கொக்கியை மாட்டினான். இன்னும் பதினோரு வருஷம் மாட்டினான், கழற்றினான். பாறைத்தீவு தெரிகிற மதிலில் மட்டும் அவன் அப்புறம் ஏறவே இல்லை.